நாணயமும் கடனும்: தென்காசி, குற்றாலப் பகுதியை முன்வைத்துக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உறுப்பினர்கள் தம் சேமிப்பை ஒன்றுதிரட்டித் தமக்குள்ளேயே கடனாக வழங்கிக்கொள்ளும் அமைப்பு, 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தமிழகத்தில் வேரூன்றியது. தொடக்கத்தில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று வழங்கிய அவ்வமைப்பு, ஊர்ப்புறத்தில் இன்று 'கூட்டுறவுக் கடன் சங்கம்' என்னும் பெயரில் அறியப்படுகிறது. இப்பெயர் மாற்றத்திற்குப் பின்னால் அமைப்பின் இயல்பிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சிற்றாற்றுப் பகுதியை முன்வைத்து, சங்கங்களின் தோற்றம், செயல்முறை, அவை உள்வாங்கியோர், அவற்றுக்கு வெளியே நின்றோர், அரசின் பங்கு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுறவு, நாணய சங்கம், நிதி, மகமை, கந்துவட்டி, தென்காசி, செங்கோட்டை, நிக்கல்சன்

1. முன்னுரை

2017ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்று தீக்குளித்தது. கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள் என நால்வரும் உயிரிழந்தனர். கந்துவட்டித் தொல்லை குறித்த முறையீடே அதன் பின்னணி. அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. வட்டிக்கடனிலிருந்து எளியோரை மீட்கும் நோக்குடன் முதல் கூட்டுறவுக் கடன் சட்டம் இயற்றப்பட்டு அப்போது 113 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்நிகழ்வைச் சட்ட அமலாக்கத்தின் தோல்வியாக மட்டும் காண்பது போதாது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பரவலாக இயங்கும் ஒரு மாநிலத்தில், நிலமோ நகையோ இல்லாத ஒருவர் அவற்றின் வாயிலை ஏன் அடைய முடியவில்லை என்னும் வினா வரலாற்று ஆய்வுக்கும் உரியது. அவ்வினாவிற்கு விடை காண, அச்சங்கங்கள் எக்கருத்தின் மேல் கட்டப்பட்டன, எவ்வாறு இயங்கின, எப்போது தம் இயல்பில் மாறின என்பவற்றைக் காண வேண்டியுள்ளது.

2. களமும் பருவமும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. குற்றாலத்தில் அருவியாக இறங்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் ஆனி, ஆடி மாதங்களில் இப்பகுதிக்கு நீர் தருகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்புகிறது. இவ்விரு மழைகளை ஒட்டியே கார், பிசானம் என்னும் இரு நெற்போகங்கள் இங்கு நிலைபெற்றன.

கடனின் வரலாற்றுக்கு இப்பருவ ஒழுங்கு அடிப்படையானது. விதை, உழவு, நடவுக்கூலி ஆகியவற்றுக்கான செலவு பருவத்தின் தொடக்கத்தில் எழுகிறது; வரவு அறுவடைக்குப் பின்னரே கிடைக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் கையில் பணமில்லாத உழவர், விளைச்சலை முன்னிட்டு வணிகரிடமோ பெருநிலக்காரரிடமோ கடன் பெற்றனர். அறுவடையின்போது நெல்விலை தாழ்ந்திருக்கும். கடனைத் தீர்க்க அவ்விலைக்கே விற்க வேண்டியிருக்கும். ஆகவே உழவர் இழந்தது வட்டி மட்டுமன்று, விற்கும் காலத்தைத் தெரிவு செய்யும் உரிமையும் ஆகும்.

இந்நிலையில் இருப்புப்பாதையின் வரவும் கருதத்தக்கது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903இல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. செங்கோட்டை, புனலூர் இடையிலான மலைப்பாதை 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. இதனால் திருநெல்வேலிச் சீமையின் நெல், மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூர்ச் சந்தையை எளிதில் எட்டியது. சந்தை விரிவடையவே பணத்தேவையும் விரிவடைந்தது. கூட்டுறவுக் கடன் சட்டமும் மலைப்பாதையும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே எனினும், கடன் தேவைப்பட்ட சூழலை அது தெளிவாக்குகிறது.

3. சட்டத்திற்கு முந்தைய வடிவங்கள்

சேமிப்பைப் பொதுவில் திரட்டும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. உறுப்பினர் மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி, ஏலத்தின்வழியோ குலுக்கலின்வழியோ ஒருவர் முழுத்தொகையையும் பெறும் சீட்டு முறை இன்றும் வழக்கில் உள்ளது. சீட்டில் ஒவ்வொருவரும் கடன் கொடுப்பவராகவும் கடன் பெறுபவராகவும் அமைகின்றனர். எனினும் குறித்த தவணைகள் முடிந்ததும் சீட்டு கலைந்துவிடுகிறது. நிலையான பொதுமுதல் எதுவும் எஞ்சுவதில்லை.

இரண்டாவது வடிவம் மகமை. வணிகர்கள், சிறப்பாக நாடார் சமூகத்தினர், விற்பனைச் சரக்கின் அளவிற்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குச் செலுத்தினர். அந்நிதி பேட்டை, கோயில், பள்ளி ஆகியவற்றிற்குப் பயன்பட்டது. மகமை நிலையான பொதுமுதலை உருவாக்கியது. ஆனால் அதன் எல்லை சாதியின் எல்லையாகவே இருந்தது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட நாடார் வங்கி, அதாவது இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, இத்தகைய சமூக ஒருங்கிணைப்பின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது. எனினும் அது நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்த வங்கியே தவிர, கூட்டுறவு அன்று.

மூன்றாவது வடிவம் நிதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் தோன்றிய நிதிகள், உறுப்பினரின் மாதச் சந்தாவைத் திரட்டி அவர்களுக்கே கடன் வழங்கின. 1872இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி இவ்வகையில் புகழ்பெற்றது. தொடக்கக்கால நிதிகள் குறித்த காலத்திற்குப் பின் கலைக்கப்பட்டன. பின்னர் வந்தவை நிரந்தர அமைப்பைப் பெற்றன. நகரத்து மாதச் சம்பளக்காரரும் சொத்துடையோருமே இவற்றின் உறுப்பினர். உழவரின் பருவ வருவாய், மாதச் சந்தா முறைக்குப் பொருந்தவில்லை.

இம்மூன்றையும் ஒப்பிடுங்கால், கூட்டுறவுச் சங்கத்திற்குத் தேவையான கூறுகள் ஏற்கனவே தனித்தனியே இங்கு இருந்தமை புலனாகிறது. சீட்டில் பரஸ்பரக் கடனும், மகமையில் பிரிக்கவியலாப் பொதுமுதலும், நிதியில் எழுத்துவழிப்பட்ட நிருவாகமும் இருந்தன. இவற்றை ஒன்றிணைக்கும் சட்ட வடிவமே வெளியிலிருந்து வந்தது.

4. நிக்கல்சன் அறிக்கையும் 1904ஆம் ஆண்டுச் சட்டமும்

சென்னை அரசு, நில வங்கிகளையும் வேளாண் வங்கிகளையும் மாகாணத்தில் ஏற்படுத்தும் வாய்ப்பை ஆராயுமாறு பிரடெரிக் நிக்கல்சனைப் பணித்தது. அவருடைய அறிக்கையின் முதல் தொகுதி 1895இலும் இரண்டாம் தொகுதி 1897இலும் வெளியாயின. மாகாண உழவரின் மொத்தக் கடன் 45 கோடி ரூபாய் என அவர் மதிப்பிட்டார். ஐரோப்பிய நாடுகளின் கடன் அமைப்புகளை விரிவாக ஆராய்ந்த அவர், சென்னை நிதிகளையும் கருத்தில் கொண்டார்.

செருமனியில் இரு முன்மாதிரிகள் நிலவின. ஷுல்ஸ் டெலிட்ஷ் 1850 முதல் நகரத்துக் கைவினைஞருக்காக உருவாக்கிய சங்கங்கள் பங்குமூலதனத்தையும் ஆதாயப்பங்கையும் ஏற்றன. ரைஃபைசன் 1864இல் ஹெடஸ்டார்ஃப் என்னும் ஊரில் நிறுவிய சங்கம் வேறு நெறியைப் பின்பற்றியது: ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர் எல்லை, வரம்பிலாப் பொறுப்பு, ஊதியம் பெறாத நிருவாகிகள், பயன்தரும் செலவுக்கே கடன், உறுப்பினரிடையே பிரிக்கப்படாத காப்புநிதி. இந்தியச் சிற்றூருக்கு ரைஃபைசன் நெறியே ஏற்றது என்பது நிக்கல்சனின் முடிவு. சட்டத்தைவிட அத்தகைய மனிதரைக் கண்டடைவதே முதன்மையானது என்று அவர் வலியுறுத்தினார்.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இச்சிந்தனையின் விளைவு. அவ்வாண்டு ஆகஸ்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் முதல் வேளாண் கடன் சங்கம் பதிவு பெற்றது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், 1905இல் சென்னையில் மத்திய நகர வங்கியும் தோன்றின. பின்னதே இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் மூலம்.

உலக வரலாற்றில் இதன் இடமும் குறிப்பிடத்தக்கது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அல்போன்ஸ் டெஜார்டன் 1900 டிசம்பரில் மக்கள் கடன் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபைலீன் 1907இல் இந்தியா வந்து வங்காளச் சிற்றூர்ச் சங்கங்களைக் கண்டார். நாடு திரும்பியபின், 1909ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் கடன் சங்கச் சட்டம் நிறைவேற அவர் துணைநின்றார். ஆகவே அமெரிக்காவின் 'கிரெடிட் யூனியன்' இயக்கம், செருமானிய நெறியோடு இந்திய அனுபவத்திலிருந்தும் ஊக்கம் பெற்றது எனலாம்.

5. சங்கம் உருவாகி இயங்கிய முறை

1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது கடந்த பத்துப் பேர் ஒரு சங்கத்தைத் தொடங்கப் போதுமானவர்கள். அவர்கள் ஒரே ஊரையோ அண்மையூர்களையோ, ஒரே குலம், வகுப்பு, சாதி ஆகியவற்றுள் ஒன்றையோ சார்ந்திருக்க வேண்டும். உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராயின் அது ஊர்ப்புறச் சங்கம். உழவரல்லாதாராயின் நகரச் சங்கம். விண்ணப்பத்துடன் துணைவிதிகளின் படி பதிவாளருக்கு அனுப்பப்பட்டது. பதிவு பெற்றதும் சங்கம் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமையுள்ள சட்ட ஆளாயிற்று.

சங்கத்தின் உயர் அதிகாரம் உறுப்பினர் பேரவையிடம் இருந்தது. நாள்தோறும் நிகழும் அலுவலைப் பேரவை தெரிவு செய்த பஞ்சாயத்தார் கவனித்தனர். வரம்பிலாப் பொறுப்புச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. நுழைவுக் கட்டணம், பங்குத்தொகை, உறுப்பினரின் வைப்பு, மத்திய வங்கியிடம் பெற்ற கடன் ஆகியவை சங்கத்தின் முதலாயின. ஊர்ப்புறச் சங்கத்தின் ஆதாயம் காப்புநிதிக்குச் சென்றது. கடன் உறுப்பினருக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டது.

கடன் வழங்கும் முறையில் மூன்று பாதுகாப்புகள் இருந்தன. முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரின் நிலம், கால்நடை, வீடு, பழங்கடன் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவர் பெறத்தக்க கடனின் மேல்வரம்பு முன்னரே வரையறுக்கப்பட்டது. இரண்டாவது, சக உறுப்பினர் இருவரேனும் ஜாமீன் நிற்கும் வழக்கம். மூன்றாவது வரம்பிலாப் பொறுப்பு: சங்கம் நொடித்தால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் முழுச் சொத்தாலும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அண்டை வீட்டார் எருது வாங்கப் பெற்ற பணத்தைத் திருமணத்திற்குச் செலவிடுகிறாரா என்று கவனிக்கும் அக்கறையை இது ஒவ்வொருவருக்கும் ஊட்டியது. சங்கத்தின் எல்லை ஓர் ஊராக இருந்ததற்குக் காரணம் இதுவே. அறியாத ஒருவருக்காக யாரும் தம் வயலை ஈடுவைக்க முன்வரார்.

வட்டி ரூபாய்க்கு மாதம் இத்தனை பை என்று கணக்கிடப்பட்டது. சென்னை மாகாணத்தில் பரவலாக வழங்கிய வீதம் ஒன்றரைப் பை. ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதால், ஆண்டிற்கு 18 பை என்பது நூற்றுக்கு 9⅜ வட்டி ஆகிறது. உழவர் தம் வாய்க்கணக்கிலேயே சரிபார்க்கத்தக்க வடிவில் வட்டி சொல்லப்பட்டமை, சங்கத்தின் மீதான நம்பிக்கைக்கு ஒரு துணையாயிற்று.

1912ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்புறம், நகரம் என்னும் பாகுபாட்டை நீக்கிப் பொறுப்பின் அடிப்படையில் சங்கங்களை வகைப்படுத்தியது. கடனல்லாத பிற நோக்கங்களுக்கும், சங்கங்களின் கூட்டமைப்புகளுக்கும் இடமளித்தது. இதன்பின்னரே தொடக்கச் சங்கம், மாவட்ட மத்திய வங்கி, மாகாண வங்கி என்னும் மூன்றடுக்கு முறை உறுதிப்பட்டது. 1919ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தத்தால் கூட்டுறவு மாகாண அமைச்சரின் பொறுப்பாயிற்று; சென்னை மாகாணம் 1932இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

6. எல்லையின் இரு பக்கங்கள்

தென்காசிப் பகுதியின் கூட்டுறவு வரலாற்றைத் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து வேறுபடுத்துவது அரசியல் எல்லை. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரின் ஆட்சிப்பகுதி; அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. ஒரே மழை, ஒரே மொழி, ஒரே உறவுமுறை. எனினும் நாணயமும் சட்டமும் வேறு. சமஸ்தானத்தில் சக்கரமும் பணமும் வழங்கின. கணக்குகள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டன.

திருவிதாங்கூர்க் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் கொல்லம் ஆண்டு 1089இல், அதாவது 1914இல், இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுப் பதிவாளராகப் பணியாற்றிய பி. இராஜகோபாலாச்சாரியே 1907 முதல் 1914 வரை திருவிதாங்கூர் திவானாக விளங்கினார். மலையின் இருபுறத்திலும் கூட்டுறவின் தொடக்கக்காலம் ஒரே நிருவாகியின் அனுபவத்தோடு தொடர்புடையது என்பது இதனால் அறியலாகிறது.

எனினும் சட்ட எல்லைக்கு நடைமுறை விளைவு உண்டு. சங்கத்தின் உறுப்பினர் தகுதி வாழிடத்தைச் சார்ந்தது. ஆனால் எல்லையூர்களில் நிலம் ஓர் அரசிலும் வீடு மற்றோர் அரசிலும் அமைய இடமிருந்தது. அத்தகைய உழவரின் சொத்தை ஈடாகக் கொள்வது இருபுறச் சங்கங்களுக்கும் கடினம். தனியார் கடன்காரருக்கோ அரசெல்லை ஒரு தடையன்று. மொழிவழி மாநில அமைப்பினால் செங்கோட்டை சென்னை மாநிலத்துடன் இணைந்தபின், 1961ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் முழுமைக்கும் பொதுவான நெறியை வகுத்தது. எல்லையூர்ச் சங்கங்களின் நிகழ்ச்சிக் குறிப்பேடுகளும் உறுப்பினர் சொத்துப் பட்டியல்களும் இவ்வகையில் தனி ஆய்வுக்குரிய மூலங்களாகும்.

7. உள்ளே வந்தோர், வெளியே நின்றோர்

வரம்பிலாப் பொறுப்பு ஊரின் ஒற்றுமையை முதலாக மாற்றியது; அதே வேளையில் ஊரின் பிளவுகளையும் சங்கத்திற்குள் கொண்டுவந்தது. சொத்துடைய ஒருவர், சொத்தில்லாத ஒருவருடன் வரம்பிலாப் பொறுப்பை ஏற்பதில் இழப்பு மட்டுமே உண்டு. ஆகவே குத்தகை உழவரும் பண்ணைக் கூலிகளும் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். சட்டமே சாதியை உறுப்பினர் பிணைப்பின் ஓர் அடிப்படையாக ஏற்றமையால், ஊர்ச்சங்கம் என்பது நடைமுறையில் ஒரு தெருவின் சங்கமாகச் சுருங்கவும் வழியிருந்தது.

இக்குறையை உணர்ந்த சென்னை அரசு, 1920களில் தொழிலாளர் துறையின்வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிச் சங்கங்களை அமைத்தது. குடியிருப்பு மனை வாங்குவதற்கான கடன் அவற்றின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. நில உடைமையாளரின் மனையில் குடியிருந்தோருக்கு மனையுரிமை என்பது கூலிப் பேரத்திற்கான உரிமையும் ஆகும். ஒரு சிறு கடன் சமூக உறவை மாற்ற வல்லது என்பதற்கு இச்சங்கங்கள் சான்று. நெசவாளரைப் பொறுத்தவரை, 1935இல் தோன்றிய மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கம், அதாவது இன்றைய கோ-ஆப்டெக்ஸ், நூல் வாங்குதலையும் துணி விற்பனையையும் ஒருங்கிணைத்தது. கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் போன்ற நெசவூர்கள் மிகுந்த இப்பகுதிக்கு இம்முயற்சி பொருத்தமுடையது.

பெண்களின் நிலை வேறு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1990களின் பிற்பகுதியில் வந்த மகளிர் திட்டமும் சுயஉதவிக் குழுக்களைப் பரப்பின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் முதலில் சேமித்து, பின் தமக்குள் கடன் வழங்கி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் இம்முறை, ரைஃபைசன் நெறியின் மறுபிறப்பு போன்றது. பீடி சுற்றும் தொழிலில் ஈடுபட்ட பெண்கள் மிகுந்த ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் நிலமில்லாக் குடும்பங்களுக்கு முறைசார் கடனின் முதல் வாயில் இத்தகைய குழுவே எனலாம்.

8. உறுப்பினர் முதலிலிருந்து அரசு முதலுக்கு

1929ஆம் ஆண்டுப் பெருமந்தம் நாணய சங்கங்களின் முதல் பெருஞ்சோதனை. நெல்விலை வீழ்ந்தபோது, உயர்ந்த விலையில் பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்த இருமடங்கு நெல் விற்க வேண்டிய நிலை உருவாயிற்று. தவணை தவறிய கடன்கள் பெருகின. மாகாண உழவர் கடன் 1930இல் வங்கி விசாரணைக் குழுவால் 150 கோடி ரூபாயாகவும், 1935இல் சத்தியநாதன் அறிக்கையால் 200 கோடி ரூபாயாகவும் மதிப்பிடப்பட்டது. நிக்கல்சன் காலத்து 45 கோடியோடு ஒப்பிட, கூட்டுறவு இயக்கம் வளர்ந்த அதே நாற்பது ஆண்டுகளில் கடன்சுமை நான்கு மடங்கிற்கு மேல் உயர்ந்தமை தெரிகிறது. இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம் இப்பின்னணியில் எழுந்தது.

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அனைத்திந்திய ஊர்ப்புறக் கடன் அளவாய்வின்படி, 1951-52இல் உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3.1 மட்டுமே, வட்டிக்கடைக்காரரின் பங்கு ஏறத்தாழ 70. 1954இல் வெளியான அறிக்கை, கூட்டுறவு தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொண்டே அது வென்றாக வேண்டும் என வாதிட்டது. அதற்கு அது கண்ட வழி அரசின் பங்கேற்பு: சங்கங்களின் பங்குமூலதனத்தில் அரசே பங்குதாரராகச் சேர்தல்.

இப்பரிந்துரை கடனின் அளவைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை. சிற்றூர்ச் சேமிப்பு ஒருபோதும் திரட்டியிருக்க இயலாத தொகை, ரிசர்வ் வங்கியிடமிருந்தும், 1982 முதல் நபார்டு வங்கியிடமிருந்தும் மூன்றடுக்கின்வழி இறங்கியது. ஆனால் முதலின் ஊற்று மேலே சென்றபோது கண்காணிப்பும் மேலே சென்றது. வரம்பிலாப் பொறுப்பு மறைந்தது. ஊர்ச்சங்கங்கள் இணைக்கப்பட்டுப் பல ஊர்ச் சங்கங்களாயின. அண்டை வீட்டாரின் அக்கறை இருந்த இடத்தில் பட்டா, சிட்டா, அடங்கல், நகை மதிப்பீடு ஆகியவை அமர்ந்தன. உறுப்பினர் உரிமையாளர் என்னும் நிலையிலிருந்து பயனாளி என்னும் நிலைக்கு மாறினர்.

கடன் தள்ளுபடிகள் இம்மாற்றத்தின் தெளிவான வெளிப்பாடு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 இலட்சம் உழவர்களின் ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இடருற்ற உழவருக்கு இது தேவையான உதவியே. ஆயினும் ஒரு சங்கத்தின் கடனை அதன் பேரவை அன்றி அரசு தள்ளுபடி செய்கிறது என்பதே அம்முதல் யாருடையது என்பதைக் காட்டிவிடுகிறது. தன்னாட்சியை மீட்கும் நோக்குடன் வந்த 97ஆம் அரசியலமைப்புத் திருத்தம், மாநில எல்லைக்குட்பட்ட சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் அதிகாரத்தைக் காத்த அத்தீர்ப்பு, சங்கத்தின் தன்னாட்சி என்னும் வினாவை மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டுள்ளது.

9. சொல்லின் சான்று

'கிரெடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கக்காலத் தமிழர் 'நாணயம்' என்பதைத் தெரிவு செய்தமை ஆழ்ந்த கவனத்திற்குரியது. தமிழில் அது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். 'நாணயமான மனிதர்' என்னும் வழக்கில் பணம் இல்லை, பண்பே உண்டு. ரைஃபைசன் நெறியின் உட்பொருளும் அதுவே: சொத்தை மட்டுமன்றி நடத்தையையும் ஈடாகக் கொள்ளுதல். இலங்கைத் தமிழரும் 'ஐக்கிய நாணய சங்கம்' என்றே வழங்கினர்.

இன்று ஊர்ப்புற அமைப்பின் பெயர் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்'. ஆனால் பழஞ்சொல் முற்றிலும் மறையவில்லை. ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் நடத்தும் அமைப்புகள் 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' என்றே இன்றும் வழங்குகின்றன. இவற்றில் மாதச் சேமிப்பு சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. உறுப்பினர் பணமே உறுப்பினருக்குக் கடனாகிறது. சக பணியாளரே ஜாமீன் நிற்கிறார். உலகெங்கும் 'கிரெடிட் யூனியன்' எனப்படும் அமைப்பிற்குத் தமிழகத்தில் மிக நெருங்கிய வடிவம் இதுவே. சேமிப்பு முதன்மை பெறும் இடத்தில் 'நாணயம்' நிலைத்ததும், மேலிருந்து வரும் பணம் முதன்மை பெறும் இடத்தில் 'கடன்' அமர்ந்ததும் திட்டமிட்ட பெயரீடு அல்ல. எனினும் அமைப்பின் இயல்பை அவை பொருத்தமாகவே சுட்டுகின்றன.

இவ்வேறுபாட்டிலேயே ஒரு முரணும் உள்ளது. சேமிப்பு அடிப்படையிலான சங்கம் நிலைத்திருப்பது, மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம் உடையோரிடம் மட்டுமே. வேளாண் சங்கமோ நிலம் அல்லது நகை உடையோருக்கு உதவுகிறது. கூலித் தொழிலாளரும், குற்றாலத்தில் சாரல் பருவத்தின் இரண்டு மூன்று மாத வருவாயை நம்பிக் கடை விரிப்போரும் இவ்விரண்டுக்கும் இடையில் விடப்படுகின்றனர். நாள்வட்டி, வாரவட்டிக்காரர் நிற்கும் இடம் அவ்விடைவெளியே. அவர் ஆவணம் கேட்பதில்லை; ஆளை அறிவார். நாணய சங்கம் ஒருகாலத்தில் கொண்டிருந்த அறிவை இன்று கந்துவட்டிக்காரரே வைத்திருக்கிறார்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. கூட்டுறவுக் கடன் சங்கம் வெளிநாட்டுச் சட்ட வடிவில் வந்தபோதும், சீட்டு, மகமை, நிதி ஆகியவற்றால் பண்பட்ட நிலத்திலேயே வேரூன்றியது. அதன் தொடக்கக்கால வலிமை, ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவின் கூட்டுப் பொறுப்பு. அதன் குறையும் அதுவே, ஏனெனில் அப்பொறுப்பு சொத்தில்லாதாரை வெளியே நிறுத்தியது. 1954க்குப் பிந்தைய அரசுப் பங்கேற்பு கடனளவைப் பெருக்கியதே ஒழிய, வெளியே நின்றோரை உள்ளே கொணரவில்லை. உள்ளே இருந்தோரின் உரிமையுணர்வையும் தளர்த்தியது. தென்காசி, செங்கோட்டை எல்லையின் வரலாறு, கூட்டுறவு என்பது சட்டத்தின் படைப்பு மட்டுமன்று, வாழிட உறவின் படைப்பும் ஆகும் என்பதை உணர்த்துகிறது.

கந்துவட்டிக்கு எதிரான தண்டனைச் சட்டம் தேவையானதே. ஆனால் தடை செய்யப்பட்ட கடனுக்கு மாற்றாக வேறொரு கடன் இல்லாதவரை, அச்சட்டம் கடன்பட்டவரைக் காக்கப் போதுமானதாகாது. சுயஉதவிக் குழுக்களின் சேமிப்பு நெறியையும், பணியாளர் சங்கங்களின் தன்னாட்சியையும், வேளாண் சங்கங்களின் முதல்வளத்தையும் இணைத்து, ஒழுங்கற்ற வருவாய் உடையோர்க்கான சிறு நாணய சங்கங்களை உருவாக்க இயலுமா என்பதே இவ்வரலாறு முன்வைக்கும் வினா. 1904இல் பத்துப் பேர் கூடினால் போதும் என்று சட்டம் கருதியது. அப்பத்துப் பேரில் நிலமற்றவர் ஒருவருக்கு இடமுண்டா என்பதைக் கொண்டே அவ்வியக்கத்தின் வெற்றியை மதிப்பிட வேண்டும்.